கெட்டிச் சாயம்: சூரியமின்கலத்தில் வேதியியல்காரருக்கு என்ன வேலை?

குடியாத்தத்தில் எங்கள் தெரு முனையில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அதைக் கடந்துதான் போக வேண்டும். நூல் சிட்டங்களைக் கொதிக்கிற தொட்டியில் முக்கி எடுத்து மூங்கில் கழியில் உலரப் போட்டிருப்பார்கள். சாக்கடை ஒருநாள் சிவப்பாக ஓடும், மறுநாள் நீலமாக ஓடும். கைலி கொள்முதலுக்கு வருகிற வெளியூர் வியாபாரி, விலை கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "கெட்டிச் சாயம்தானே?" சொன்ன பதிலை நம்பவும் மாட்டார். துணியின் ஓரத்தை ஈரப்படுத்தித் தன் வெள்ளை வேட்டியில் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பார். கறை விழுந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

அந்தத் தெருவிலிருந்து வேலூருக்குப் போய் வேதியியல் படித்து, சூரியமின்கல ஆராய்ச்சியில் 18 ஆண்டுகளை ஓட்டிவிட்டேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் சுருக்கமாகச் சொல்ல வராது. சென்ற மாதம் அக்கா மகள் கேட்டாள். பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்று குழம்பிக்கொண்டிருந்தவள். மொட்டைமாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. காக்கை விரட்டும் பொறுப்பு எங்கள் இருவருக்கும். "சோலார் பேனல் என்றால் இயற்பியல்தானே மாமா? அதில் உங்களுக்கு என்ன வேலை?" என்றாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

அகழியைத் தாண்டுதல்

வேலூர்க் கோட்டையின் அகழியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்கரையில் எலக்ட்ரான்கள் கட்டுண்டு கிடக்கின்றன. அங்கே இருக்கும்வரை அவற்றால் ஒரு பல்பு எரியாது. அகழியைத் தாண்டி வெளிக்கரைக்கு வந்துவிட்டால் விருப்பம்போல் ஓடலாம். கம்பி வழியாக ஓடவைத்து வேலை வாங்கலாம். தாண்டுவதற்கு உந்துதல் கொடுப்பது ஒளி.

ஒளி குழாய்த் தண்ணீர்போல ஒரே தாரையாகக் கொட்டுவதில்லை. மழைத்துளிபோலத் தனித்தனியாக வந்து விழுகிறது. 1905-ல் ஐன்ஸ்டைன் சொன்னது இது. 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது இதை வைத்து அவர் கண்ட விதிக்காகத்தான், சார்பியலுக்காக அல்ல. ஒரு துளி ஒளி, ஒரு எலக்ட்ரான், ஒரு தாவல். இரண்டு சிறிய துளிகள் சேர்ந்து ஒரு தாவலுக்குக் கைகொடுக்க முடியாது. பாதி தாவினால் அகழித் தண்ணீரில்தான் விழ வேண்டும். சிவப்பு ஒளியின் துளி வலுக் குறைந்தது, நீலம் வலுவானது, புற ஊதா அதைவிட வலுவானது.

அகழியின் அகலம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் சிலிக்கானின் அகழி 1.1. கண்ணுக்குத் தெரிகிற நிறங்கள் ஏறக்குறைய 1.7-லிருந்து 3.1 வரை இருப்பதால், எல்லா நிறமும் சிலிக்கானில் வேலை செய்யும். ஆனால் நீலத்துளி கொடுக்கிற உபரி உந்துதல் வெளிக்கரையில் இறங்கியதும் வெறும் சூடாகிப் போகும். அகழியை அகலமாக்கினால் சிவப்பு வீண். குறுக்கினால் நீலத்தின் உபரி வீண். இந்த இழுபறியை 1961-ல் ஷாக்லி, குவைஸர் என்ற இருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே பொருளால் செய்த கலம், தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்க முடியும் என்பது அவர்கள் கண்ட வரம்பு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் விழுகிறது. மாடியில் இருக்கும் பேனல் 20 சதவீதம் என்றால் அதில் 200 வாட் கிடைக்கும். பழைய மின்விசிறி இரண்டு சுற்றும், கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

இங்கே எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைக் கலைக்க வேண்டியிருக்கிறது. சித்திரை பிறந்தால் சதமடித்த ஊர்களின் பட்டியலில் வேலூர் பெயர் வந்துவிடும். "இந்த வெயிலுக்குப் பேனல் போட்டால் கரண்ட் கொட்டுமே" என்பார்கள். வெயிலின் ஒளி வேறு, சூடு வேறு. பேனலுக்கு வேண்டியது ஒளி மட்டும்தான். சூடு அதற்கு எதிரி. பேனல் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கு, கலம் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் இழக்கும். கத்திரி வெயிலில் மாடிப் பேனல் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். கணக்குப் போட்டால் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போய்விடுகிறது. அதே ஒளி, குளிர்ந்த காற்று என்று இருந்தால் அதிகம் கிடைக்கும். ஏலகிரிக்காரர்கள் சந்தோஷப்படலாம்.

"இதுவரை எல்லாம் இயற்பியல்" என்றாள் அவள். சரிதான்.

ஒரு வேதியியல்காரர் நுழைந்த இடம்

வெளிச்சத்திலிருந்து மின்சாரம் வரும் என்பதை 1839-ல் முதலில் கண்டவர் எட்மண்ட் பெக்கரல் என்ற பத்தொன்பது வயது பிரெஞ்சு இளைஞர். அவர் கையில் இருந்தது அமிலக் கரைசலும், அதில் முக்கிய பிளாட்டினத் தகடுகளும், வெள்ளிக் குளோரைடும். ஒரு வேதியியல் மேஜைதான்.

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதல் உருப்படியான சிலிக்கான் கலத்தைச் செய்தவர்கள் மூவர். டேரில் சாப்பின் பொறியாளர், ஜெரால்ட் பியர்சன் இயற்பியலாளர், கால்வின் ஃபுல்லர் வேதியியலாளர். சுத்தமான சிலிக்கானால் பயனில்லை. அதற்குள் போரான் போன்ற வேறு தனிமங்களை, மிகமிகக் கொஞ்சமாக, வேண்டிய ஆழத்துக்கு மட்டும் ஊடுருவச் செய்ய வேண்டும். அந்தப் பக்குவத்தைக் கண்டுபிடித்தவர் ஃபுல்லர். அதற்கு முன் போர்க்காலத்தில் செயற்கை ரப்பர் ஆராய்ச்சியில் இருந்தவர். அந்தக் கலத்தின் செயல்திறன் சுமார் 6 சதவீதம். பேனல் என்றால் இயற்பியல் என்ற எண்ணம் எப்படியோ வந்துவிட்டது. பங்காளிகளில் ஒருவர் பெயர் மட்டும் பத்திரத்தில் விடுபட்டதுபோல.

சாயம் ஏற்றிய சுண்ணாம்பு

நான் வேலை செய்த கலம் சிலிக்கான் அல்ல. அதன் அடிப்படை, வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்டில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடு என்ற பொடி. அதன் அகழி மிக அகலம்: 3.2. கண்ணுக்குத் தெரியும் எந்த நிறமும் அதைத் தாண்டவைக்காது. எந்த நிறத்தையும் விழுங்காததால்தான் அது வெள்ளையாக இருக்கிறது. புற ஊதா மட்டும் வேலை செய்யும். வெயிலில் அதன் பங்கு நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது.

வெள்ளை நூலை என்ன செய்வோம்? சாயம் ஏற்றுவோம். இங்கேயும் அதேதான். வெள்ளைப் பொடியின் மேல் சாய மூலக்கூறுகளை ஒட்டவைக்கிறோம். சாயம் என்பது அகழியின் நடுவே போட்ட மண்திட்டு. திட்டில் நிற்கும் எலக்ட்ரானுக்கு வெளிக்கரை கிட்டத்தில் இருக்கிறது. பச்சை ஒளியின் துளி பட்டாலே தாவிவிடும். தாவிய எலக்ட்ரான் டைட்டானியப் பொடி வழியாக ஊர்ந்து, அடியிலிருக்கும் மின்கடத்தும் கண்ணாடிக்கு வந்து, கம்பிக்குள் போகிறது. வேலையைப் பிரித்துக்கொண்டார்கள் என்பதுதான் இதன் அழகு. சிலிக்கானில் ஒளியை விழுங்குவதும் எலக்ட்ரானைச் சுமப்பதும் ஒரே ஆள். இங்கே விழுங்குவது சாயம், சுமப்பது பொடி.

எலக்ட்ரான் போன பின் திட்டு காலியாகிவிடுமே? அதை நிரப்ப, கலத்துக்குள் அயோடைடு கலந்த திரவம் இருக்கும். காயத்துக்குத் தடவும் டிங்சர் அயோடினின் பழுப்பு நிறம்தான் இதற்கும். அது தன்னிடமிருந்து ஒரு எலக்ட்ரானைச் சாயத்துக்குக் கொடுக்கும். பிறகு, வெளியே மின்விசிறியைச் சுற்றிவிட்டுப் பிளாட்டினம் பூசிய மறுபக்கக் கண்ணாடி வழியாகத் திரும்பி வரும் எலக்ட்ரானை வாங்கித் தன் கணக்கை நேர்செய்துகொள்ளும். கொடுத்தவருக்குக் கடன் அடைந்துவிட்டது. எதுவும் செலவாகவில்லை, ஒளியைத் தவிர.

இந்த யோசனை முன்பே இருந்ததுதான். வழவழப்பான படிகத்தின் மேல் சாயத்தை ஒற்றை அடுக்காகப் பூசினால் ஒளியில் துளிதான் பிடிபடும். தடிமனாகப் பூசினால் மேலடுக்கிலிருக்கும் சாயத்துக்குப் பொடியைத் தொட வழியில்லை. 1991-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மைக்கேல் கிராட்ஸலும் பிரையன் ஓரீகனும் படிகத்தைக் கைவிட்டு, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களைக் கொண்டு நுண்துளைப் படலம் செய்தார்கள். நூலின் இழைபோல, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டர்; உள்ளே ஒளிந்திருக்கும் பரப்பு அதைப்போல ஆயிரம் மடங்கு. சாயம் அத்தனை பரப்பிலும் ஒற்றை அடுக்காக உட்கார்ந்தது. செயல்திறன் ஒரேயடியாக 7 சதவீதத்தைத் தாண்டியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதே குழுவில் ருத்தேனியம் என்ற உலோகம் கலந்த சாயம் ஒன்று அதை 10 சதவீதம் வரை உயர்த்தியது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர், ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முகம்மது காஜா நஸீருதீன். சிலிக்கானை உருக்க 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். இதற்கு 450 டிகிரி உலை போதும்.

ஒட்டுதல் என்ற விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் வேதியியல்காரரின் ஆயுள் முழுவதும் இதில்தான் கழிகிறது. சாயத்தின் ஒரு முனையில் கார்பாக்சிலிக் தொகுதி என்ற கொக்கியை வைத்துச் செய்வோம். அது டைட்டானியத்தைப் பிடித்துக்கொள்ளும். நூலில் சாயம் நிற்பதற்குப் பழைய சாயக்காரர்கள் படிகாரம் போட்டதும் இதற்கு உறவுதான். நூலுக்கும் சாயத்துக்கும் நடுவே ஓர் உலோகம் தரகு வேலை பார்க்கிறது. இன்னும் நெருங்கிய உறவு ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் இருக்கிறது. குரோமியம் போட்டுத் தோல் பதனிடும்போது அந்த உலோகம் தோலின் புரதத்தில் எதைப் பிடித்துக்கொள்கிறது தெரியுமா? இதே கார்பாக்சிலிக் தொகுதியைத்தான். ஷூ மேல்தோல் பத்து வருடம் அழுகாமல் இருப்பதும், என் கலத்தில் சாயம் கழன்று வராமல் இருப்பதும் ஒரே கொக்கியின் தயவு. வட ஆற்காட்டில் பிறந்தவனுக்கு இது புதிதாகப் படிக்க வேண்டிய பாடமாக இருந்திருக்கக் கூடாது. ஆனால் புத்தகத்தில் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வேலை நாள் எப்படி இருக்கும்

காலையில் கண்ணாடிச் சில்லுகளைச் சோப்பு, தண்ணீர், ஆல்கஹால் என்று வரிசையாகக் கழுவ வேண்டும். ஓரங்களில் ஒட்டுநாடா ஒட்டி, நடுவில் டைட்டானியப் பசையை வைத்துக் கண்ணாடிக் குச்சியால் தோசை மாவுபோல இழுத்துவிட வேண்டும். நாடாவின் தடிமன்தான் படலத்தின் தடிமனை முடிவு செய்கிறது. உலையில் சுட்டு, ஆறவைத்து, சாயக் கரைசலில் இரவு முழுவதும் ஊறப்போட வேண்டும். மறுநாள் எடுத்தால் வெள்ளைச் சில்லு கருஞ்சிவப்பாகியிருக்கும். மறுபக்கக் கண்ணாடியை மேலே வைத்துச் சூடாக்கி ஒட்டி, சிறு துளை வழியாக அயோடைடு திரவத்தை ஏற்றி, துளையை அடைக்க வேண்டும். இது ஒரு கலம். நகத்தைவிடச் சிறியது. ஒரு புதிய சாயத்துக்கு இப்படி இருபது முப்பது செய்வோம். அந்தச் சாயத்தைத் தயாரித்துச் சுத்தம் செய்ய அதற்கு முன் இரண்டு மாதம் போயிருக்கும்.

பிறகு செயற்கைச் சூரியன் என்கிற விளக்குக்கு அடியில் வைத்து அளப்போம். இங்கே நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது மூன்று மாதம் என் சாயம் 9 சதவீதம் காட்டியது. வழிகாட்டியிடம் சொல்லி, வீட்டுக்குப் போன் செய்து, கட்டுரை எழுதவும் ஆரம்பித்துவிட்டேன். ஒரு மூத்த மாணவர் வந்து, "முகமூடி போட்டாயா?" என்று கேட்டார். கலத்தின் விளிம்புக்கு வெளியே விழும் ஒளியும் கண்ணாடிக்குள் சிதறி ஓரமாக உள்ளே நுழையும். அதைத் தடுக்கக் கலத்தின் அளவுக்குத் துளையிட்ட கறுப்புத் தகட்டை மேலே வைக்க வேண்டும். வைத்தேன். 6 சதவீதம். வெளியூர் வியாபாரி வேட்டியில் தேய்த்துப் பார்த்தது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

அதைவிடப் பெரிய எதிரி மே மாதம். திரவம் சூட்டில் விரியும்; ஒட்டிய விளிம்பு தளரும். ஒரு வார விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், ஜன்னலோரம் வைத்திருந்த கலங்களில் பாதி வெளுத்துக் கிடந்தன, அடியில் மேஜையெங்கும் பழுப்புக் கறை. அயோடின் சும்மாவும் இருக்காது, வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும். இதனால்தான் திரவத்துக்குப் பதில் கூழ், கூழுக்குப் பதில் திண்மம் என்று ஆட்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

வேதியியல் ஆய்வேட்டில் எல்லாரும் முதலில் பார்ப்பது செயல்திறன் என்ற எண்ணை. என் கருத்தில் அது இரண்டாவது கேள்வி. சிலிக்கான் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் கொடுக்கிறார்கள். சந்தைக்கு வரும் பேனல் 85 டிகிரி சூட்டிலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது வழக்கமான சோதனைகளில் ஒன்று. அதில் தேறாத 15 சதவீதக் கலத்தைவிடத் தேறுகிற 8 சதவீதக் கலம் எனக்குப் பெரிது. கட்டுரைகளைத் திருத்துகிறவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

மாணவர்கள் செம்பருத்தி, பீட்ரூட், மாதுளைத் தோல் என்று இயற்கைச் சாயங்களை வைத்துப் புராஜெக்ட் செய்வார்கள். நல்லதுதான், பாடம் புரியும். அவை பெரும்பாலும் 1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை, சில நாளில் வெளுத்தும்விடும். "செம்பருத்தியில் மின்சாரம், மாணவர் சாதனை" என்று செய்தி வந்தால் மட்டும் எனக்கு லேசாகத் தலை வலிக்கும்.

சாயக் கலம் மாடிக்கு வரவில்லை. ஆனால் மங்கலான வெளிச்சத்தில் அது சிலிக்கானைவிடக் கெட்டிக்காரன். அறை விளக்கின் ஒளியில் 30 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. சிறு உணரிகள், ரிமோட்டுகள் போன்றவற்றுக்கு அதைப் பயன்படுத்தும் முயற்சி நடக்கிறது.

அதற்குப் பிறந்த பிள்ளை ஒன்று இப்போது தந்தையை விஞ்சிவிட்டது. 2009-ல் ஜப்பானில் சுதோமு மியாசாகாவின் குழுவினர், சாயத்துக்குப் பதிலாகப் பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள ஈயச் சேர்மம் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். 3.8 சதவீதம். அதுவும் திரவத்தில் சில நிமிடங்களில் கரைந்துபோனது. 2012-ல் திரவத்தை எடுத்துவிட்டுத் திண்மத்தை வைத்தவுடன் 10 சதவீதத்தை எட்டியது. இன்று 26-ஐத் தாண்டி, சிலிக்கானுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சிலிக்கான் மேல் இதை ஓர் அடுக்காகப் பூசினால், நீலத்தை இது பார்த்துக்கொள்ளும், சிவப்பை அது பார்த்துக்கொள்ளும். ஷாக்லி போட்ட வரம்பையே தாண்டியாயிற்று. பெரோவ்ஸ்கைட் என்ற பெயருக்குரிய கனிமம் ரஷ்யாவின் யூரல் மலையில் கண்டறியப்பட்ட ஆண்டும் 1839-தான், பெக்கரலின் அதே ஆண்டு. தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

இதிலும் அதே தொல்லை: ஈரம் பட்டால் சிதையும், சிதைந்தால் ஈயம் தண்ணீரில் போகும். "கொஞ்சம்தானே" என்று சிலர் சொல்வார்கள். ராணிப்பேட்டையில், மூடிப்போன ஓர் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு மலைபோலக் குவிந்து, நிலத்தடி நீரை மஞ்சளாக்கியதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அது தோல் பதனிடும் குரோமியம் அல்ல, அதைவிட நச்சுத்தன்மை கூடிய ஆறு இணைதிறன் கொண்ட வகை. ஆனால் பாலாற்றங்கரைக் கிணற்றுக்கு இந்த நுணுக்கமெல்லாம் ஆறுதல் தராது. ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் வைக்கவும், கசிந்தால் பிடித்துக்கொள்ளும் பூச்சு செய்யவும் நடக்கும் ஆராய்ச்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேதியியல்காரர்கள்.

சரி, இதற்குப் போகும் வழி. பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. வேதியியல், வேலூர், காட்பாடி சுற்றிலேயே கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. பிறகு நெட் அல்லது கேட் தேர்வு. நெட்டில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். மின்வேதியியலில் ஆர்வம் இருந்தால் வெளிநாடு போகத்தான் வேண்டும் என்பதில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்து 1953-ல் திறக்கப்பட்ட மத்திய ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. ஆலை வேலை வேண்டுமென்றால், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் 2024-ல் திறந்த ஆலையில் சிலிக்கானே கிடையாது. காட்மியம் டெல்லுரைடு என்ற சேர்மத்தைக் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியவைக்கிறார்கள். உறவினர்கள் "இன்னும் படிக்கிறானா?" என்று கேட்கும் காலம் முப்பது வயது வரை நீளும். அதற்கு உதவித்தொகை எதுவும் கிடையாது.

அக்கா மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் செம்பருத்திப் பூக்களைக் கசக்கி டம்ளரில் ஊறவைத்து, என்னிடமிருந்த டைட்டானியச் சில்லு ஒன்றை அதில் போட்டிருந்தாள். தலைவலியை அடக்கிக்கொண்டு மறுபக்கக் கண்ணாடியையும் அயோடைடு திரவத்தையும் மல்டிமீட்டரையும் எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெயிலில் முள் அசைந்தது. நான்காம் நாள் சில்லு ஊதாவிலிருந்து சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டது. முள் அசையவே இல்லை.

"மாமா, தொட்டியில் படிகாரம் போடுவார்கள் என்றீர்களே, இதில் போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டாள். நான் போட்டுப் பார்த்ததில்லை.